கிருமியே இல்லாத தண்ணி யாருக்கய்யா வேணும்?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா பனித்திட்டு. பாண்டியிலேர்ந்து கடலூர் போற ரோட்டுல கிருமாம்பாக்கம் வந்ததும் கிழக்கால திரும்பி, கடல் வந்து வழிமறிக்கிற வரைக்கும் போனா எங்க ஊரு. காலையில பத்து மணி இருக்கும். டை கட்டின ஒரு தம்பி, தோளில் பெரிய பையோட வாசல்ல வந்து நின்னான்.

"அம்மா, வாங்கலைன்னாலும் பரவாயில்ல. உங்க வீட்டுத் தண்ணிய இலவசமா டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்."

இலவசம்னு சொன்னா எங்கம்மா கடல்லயே இறங்குவாங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுட்டாங்க. தம்பி ரெண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தான். ஒண்ணுல எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவன் பாட்டில்ல கொண்டு வந்த ஆர்.ஓ. தண்ணி. நாலு கம்பி நீட்டிக்கிட்டிருந்த ஒரு சின்னப் பெட்டிய ரெண்டு டம்ளருக்கும் நடுவுல வச்சு பிளக்குல சொருகினான். அரை நிமிஷம்தான். எங்க தண்ணி மஞ்சளாச்சு, அப்புறம் பழுப்பாச்சு, கடைசியில சாக்கடை மாதிரி திட்டுத் திட்டா மிதக்க ஆரம்பிச்சுடுச்சு. அவன் தண்ணி அப்படியே பளிங்கு.

"இதத்தாம்மா இத்தினி வருஷமா குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

அம்மா முகத்தைப் பாக்கணுமே. "ஐயோ, பேரப் புள்ளைங்களுக்கெல்லாம் இதத்தானேடா குடுத்தேன்"ன்னு என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

எனக்கு இந்த வித்தை தெரியும். பி.எஸ்சி. வேதியியல் படிச்சுட்டுப் பொட்டி தட்டப் போனவன் நான். படிச்ச படிப்பு உபயோகப்பட்ட ஒரே நாள் அதுதான் :-) அடுப்பங்கரையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துட்டு வந்து, "தம்பி, உன் பளிங்குத் தண்ணியில இதப் போட்டுட்டு இன்னொரு தடவ பெட்டிய வை"ன்னேன். தம்பி தயங்கினான். அம்மாவே உப்பைப் போட்டுட்டாங்க. மறுபடி அரை நிமிஷம். அவன் தண்ணியும் சாக்கடை.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் கம்பிகள் இரும்பு. தண்ணியில உப்பு இருந்தா மின்சாரம் பாயும், இரும்பு கரையும், துரு மிதக்கும். ஆர்.ஓ. தண்ணியில உப்பு இல்லாததால மின்சாரம் சரியா பாயாது, அதனால இரும்பும் கரையாது. டம்ளர்ல மிதந்த அழுக்கு எங்க தண்ணியில இருந்ததில்ல, தம்பி பையில கொண்டு வந்தது. "சார் எங்க வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே பையைக் கட்டிக்கிட்டான். பாவம், அவன் மேல கோபமில்ல. மாச டார்கெட் அவன் தலையில. கம்பெனி பேரும் இங்க வேணாம்.

அவன் போனதும் நான் ஜெயிச்ச மிதப்புல இருந்தேன். அம்மா கேட்டாங்க: "அவன் ஏமாத்தறான், சரி. அப்ப நம்ம தண்ணி நல்லதுதானா?"

மக்களே, இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியாமப் போன கடுப்புல எழுதறது.

*

பதில் தெரிஞ்சுக்கலாம்னு ஒரு பாட்டில்ல தண்ணி பிடிச்சு பரிசோதனைக்குக் குடுத்தேன். எந்த இடம்னு சொல்லப் போறதில்ல. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு தாள் வந்தது. கரைந்த உப்புகளின் அளவு, கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி. எல்லாத்துக்கும் நேரா ஒரு எண். பூச்சிமருந்து? அந்த வரிசையே இல்ல. மாத்திரை, மருந்து மிச்சம்? அதுவும் இல்ல. கேட்டேன். "அதெல்லாம் இங்க பாக்கறதில்ல சார்"ன்னு ரொம்ப மரியாதையா சொன்னாங்க.

சரி, இதெல்லாம் எங்க ஊருத் தண்ணிக்கு எங்கேர்ந்து வரப் போவுதுன்னு நீங்க கேக்கலாம். ஆத்தைப் பின்னாடி பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க.

பாகூர் ஏரி, புதுச்சேரியில ஊசுடுக்கு அடுத்த பெரிய ஏரி. அதுக்குத் தண்ணி, தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பங்காரு வாய்க்கால் வழியா வருது. சொர்ணாவூருக்கு மேல திருக்கோவிலூர், அதுக்கு மேல சாத்தனூர், அதுக்கும் மேல கிருஷ்ணகிரி, அப்புறம் ஓசூர் பக்கத்துல கெலவரப்பள்ளி. அதைத் தாண்டினா கர்நாடகம். அங்க இதே ஆத்துக்குப் பேரு தட்சிண பினாகினி. பெங்களூரு பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி ரெண்டும் வழிஞ்சு வர்றது இதுலதான். ஆமா, 2015லயும், 2017லயும், 2018லயும் தீப்பிடிச்சு எரிஞ்சுதே, அதே பெல்லந்தூர். தண்ணி தீப்பிடிச்சு உலக அதிசயமா பேப்பர்ல வந்தப்ப நாம எல்லாம் சிரிச்சோம். அந்த ஏரிக்குக் கீழ்மடையில கடைசியா உக்காந்திருக்கிறது நாமதான்னு யாருக்கும் உறைக்கல. கெலவரப்பள்ளியில மலை மலையா நுரை பொங்கறதைப் பல தடவை டிவியில பாத்திருப்பீங்க. பெங்களூருக்காரர் முழுங்கின ரத்த அழுத்த மாத்திரை, பூசின சோப்பு, துணி அலசின பவுடர் எல்லாம் அதுல ஒரு துளி உண்டு.

நம்பலைன்னா 2024 டிசம்பரை நினைச்சுப் பாருங்க. ஃபெஞ்சல் புயல் மழையில சாத்தனூர்லேர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல தண்ணி திறந்தாங்க. பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள்ள பெண்ணையாறு வந்து உக்காந்துச்சு. மேல நடக்கறது கீழ வரும்னு அதுக்கு மேல நிரூபணம் வேணுமா?

இது போக உள்ளூர்ச் சரக்கு. புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு பாகூரைச் சொல்லுவோம். நெல்லும் கரும்பும் இருக்கிற இடத்துல களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் இல்லாமலா?

அளவு ரொம்பக் கம்மி. அதுதான் இதுல சிக்கலே. ஒரு மைக்ரோகிராம்னா, ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில ஒரு கிராமுல பத்துல ஒரு பங்கு பொடியைக் கலந்தா ஒவ்வொரு லிட்டர்லயும் இருக்கற அளவு. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, அந்தத் தம்பியோட டி.டி.எஸ். மீட்டருக்கும் தெரியாது. மீட்டர் 500ன்னு காட்டினா அது லிட்டருக்கு ஐந்து லட்சம் மைக்ரோகிராம் உப்பு. அதுல ஒரு மைக்ரோகிராம் பூச்சிமருந்து கூடினா என்ன, குறைஞ்சா என்ன, முள் அசையுமா?

காவிரிய எடுத்துக்குங்க. சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் லிஜி பிலிப் குழு ரெண்டு வருஷம் ஆத்துத் தண்ணிய எடுத்துப் பாத்து 2021ல வெளியிட்டாங்க. வலி மாத்திரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்த மாத்திரை அடினலால், வலிப்பு மாத்திரை கார்பமாசெபின், ஆன்டிபயாடிக் சிப்ரோஃபிளாக்சசின், காபியில இருக்கிற கஃபீன்னு ஒரு மெடிக்கல் ஷாப்பே அதுல கரைஞ்சிருந்தது. காவிரியில பாத்தாச்சு. பெண்ணையில, பாகூர்ல, பனித்திட்டுக் குழாயில எப்பய்யா பாக்கப் போறீங்க?

*

இப்ப ஒரு வேடிக்கை சொல்றேன். 2003 பிப்ரவரியில டெல்லியில இருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணியில பூச்சிமருந்து இருக்குன்னு ஒரு குண்டைப் போட்டது. நாடே அல்லோலகல்லோலம். உடனே 2004 ஜனவரியிலேர்ந்து பாட்டில் தண்ணிக்குப் புது விதி வந்தது. எந்தப் பூச்சிமருந்தா இருந்தாலும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல கூடாது, எல்லாம் சேத்து 0.5க்கு மேல கூடாது. ஐரோப்பா கணக்கு. நல்ல விதி, கை தட்டலாம்.

ஆனா குழாய்த் தண்ணிக்கான இந்தியத் தரம், 10500ங்கிற எண்ணுல 2012ல வந்தது, என்ன சொல்லுது தெரியுமா? குளோர்பைரிபாஸ் 30 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம். நெல்லுக்குப் போடற களைக்கொல்லி பியூட்டாகுளோர் 125 வரைக்கும் இருக்கலாம். மாலத்தியான் 190 வரைக்கும்.

அதாவது, காசு குடுத்து பாட்டில் வாங்கறவருக்கு 0.1. குழாயைத் திறக்கிற எங்கம்மாவுக்கு 30. முந்நூறு மடங்கு! 30 குடிச்சா செத்துடுவோம்னு நான் சொல்ல வரல. குளோர்பைரிபாஸ் 30ங்கிறது உலக சுகாதார நிறுவனம் உடம்பைக் கணக்குப் போட்டுச் சொன்ன அளவுதான். ஐரோப்பாவோட 0.1, குடிக்கிற தண்ணியில பூச்சிமருந்து இருக்கவே கூடாதுங்கிற முன்னெச்சரிக்கை. ரெண்டுக்கும் நியாயம் உண்டு. ஒரே நாட்டுல, ஒரே தரநிர்ணய அமைப்பு, பணம் இருக்கிறவன் வாய்க்கு ஒண்ணு, இல்லாதவன் வாய்க்கு ஒண்ணுன்னு வச்சதுதான் எனக்குப் புரியல. மருந்து, மாத்திரை மிச்சத்துக்கோ ரெண்டு தரத்துலயும் அளவே கிடையாது.

*

சரி, அப்ப அந்தத் தம்பி சொன்ன மாதிரி ஆர்.ஓ.வையே வாங்கிடலாமேன்னு சொல்ற நண்பர்கள் இப்ப பின்னூட்டப் பெட்டிய நோக்கி ஓடுவீங்க. நில்லுங்க.

ஆர்.ஓ. சவ்வு இந்த நுண்மாசுகள்ல பெரும்பாலானதை நிறுத்தும். பொய் சொல்லல. ஆனா நிறுத்தினதை என்ன செய்யும்? ஒண்ணும் செய்யாது. பாதித் தண்ணியோட சேத்து வெளிய தள்ளும். கிராமத்து ஆர்.ஓ. நிலையம் ரெண்டு லிட்டர் உறிஞ்சி ஒரு லிட்டர் குடுத்தா, மீதி ஒரு லிட்டர்ல உப்பும் பூச்சிமருந்தும் ரெண்டு மடங்கு. அது பின்பக்கமா வாய்க்கால்ல இறங்கி, மண்ணுல ஊறி, திரும்ப அதே போருக்கு வருது. நம்ம வீட்டுக் குப்பையக் கூட்டி எதிர்வீட்டு வாசல்ல தள்ளிட்டு வீடு சுத்தம்னு சொல்ற மாதிரி. வீட்டுல மாட்டற மெஷின் இன்னும் மோசம், ஒரு குடம் குடிக்க ரெண்டு மூணு குடம் சாக்கடைக்கு. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கிற ஊருங்கள்ல ஆர்.ஓ. வேணாம்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019ல சொன்னதுக்குக் காரணமே இந்த விரயம்தான்.

அந்த நஞ்சைத் தள்ளி வைக்காம உடைச்சு, கரியமில வாயுவாவும் தண்ணியாவும் ஆக்கக்கூடிய ஆள் ஒருத்தன் இருக்கான். சம்பளம் கிடையாது, கரண்ட் கிடையாது, சர்வீஸ் காண்டிராக்ட் கிடையாது. அவனைத்தான் விளம்பரத்துல பச்சைக் கலர்ல, கோரப்பல் வச்சு, நகத்தோட வரைஞ்சு காட்டறாங்க. பாக்டீரியா.

இது புதுக் கதை இல்ல. 1804ல ஸ்காட்லாந்து பெய்ஸ்லியில ஜான் கிப்னு ஒருத்தர் மணல்ல தண்ணிய மெதுவா இறக்கி வித்தார். 1829ல லண்டன் செல்சியில ஜேம்ஸ் சிம்ப்சன் அதைப் பெரிசாக் கட்டினார். அப்ப கிருமின்னா என்னன்னே யாருக்கும் தெரியாது. 1892ல ஜெர்மனி ஹாம்பர்க்ல காலரா வந்து எட்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. ஒட்டின மாதிரி இருந்த ஊர் அல்டோனா. ஆத்துல கீழ்ப்பக்கம், அதாவது ஹாம்பர்க் சாக்கடை கலந்த தண்ணிதான் அவங்களுக்கு. ஆனா அல்டோனா அதை மணல்ல வடிச்சுக் குடிச்சது, தப்பிச்சது. ஹாம்பர்க் வடிக்கல. உலகம் மணலை நம்பினது அன்னிக்குத்தான். நம்ம சென்னையும் செங்குன்றம் தண்ணிய ரொம்ப காலம் வடிகட்டாமத்தான் குடிச்சது. 1914ல கீழ்ப்பாக்கத்துல மெதுமணல் வடிகட்டிகள் வந்தப்புறம்தான் விடிவு.

அந்த மணல்ல என்ன நடக்குது? தண்ணி மணிக்கு பத்து, இருபது சென்டிமீட்டர்தான் இறங்கும். எறும்பு கூட முந்திடும். சில வாரத்துல மணல் மேல வழவழன்னு ஒரு பாசித் தோல் படியும். ஜெர்மன்காரன் அதுக்கு வச்ச பேருக்கு அழுக்குத் தோல்னு அர்த்தம். அந்த அழுக்குலதான் உயிரே. அதுக்குள்ள பாக்டீரியா, அதைத் தின்ன ஒரு செல் பூச்சிகள், அதைத் தின்ன புழுக்கள்னு ஒரு ஊரே குடியிருக்கும். காலராக் கிருமி அங்க மாட்டினா தின்னுடும். இலை மக்கின சத்து வந்தா தின்னும். அந்தச் சாப்பாட்டோட சாப்பாடா பூச்சிமருந்தும் மாத்திரையும் உள்ள போவும்.

இங்கதான் நான் படிச்சு அசந்து போன விஷயம். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் மருந்தைத் தின்னு எந்த பாக்டீரியாவும் குடும்பம் நடத்த முடியாது. பட்டினிதான். கல்யாணப் பந்தி மாதிரின்னு வச்சுக்குங்க. ஊறுகாய்க்காக யாரும் கல்யாணத்துக்குப் போறதில்ல. சோத்துக்குத்தான் போறோம், ஊறுகாய் தானா உள்ள போயிடுது. தண்ணியில இருக்கிற இலைச்சத்து, அமோனியா இதெல்லாம்தான் சோறு. அதை உடைக்க பாக்டீரியா கையில வச்சிருக்கிற நொதி, பக்கத்துல வர்ற மாத்திரை மூலக்கூறையும் ஆள் தெரியாம ஒரு கடி கடிச்சுடும். இன்னும் சில இனங்கள் பல வகைத் துணுக்குகளை ஒண்ணா வாரித் தின்னு பொழைக்கும். அதனால வடிகட்டிக்கு முன்னாடியே குளோரினைக் கொட்டினா பந்தியில விஷம் வச்ச மாதிரி. வேலைக்காரன் மொத்தமும் காலி. குளோரின் வேணும், கட்டாயம் வேணும், ஓட்டைக் குழாயில நேரம் வச்சுத் தண்ணி விடற நம்ம ஊர்ல அது இல்லாம ஆகாது. ஆனா கடைசியில.

டென்மார்க்குல நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறாங்க. காத்துப்பட விழவச்சு, மணல்ல வடிச்சு, பெரும்பாலும் குளோரினே போடாம வீட்டுக்கு விடறாங்க. அங்க வாசல்லயும் நடைபாதையிலயும் புல் முளைக்காம இருக்க டைகுளோபெனில்னு ஒரு களைக்கொல்லி போட்டாங்க. 1997ல தடை பண்ணியாச்சு. ஆனா அது மண்ணுல பாதி உடைஞ்சு பாம்ங்கிற துண்டா மாறி நிலத்தடிக்கு இறங்கிடுச்சு. நூத்துக்கணக்கான கிணறுகளை மூடினாங்க. அந்தத் துண்டைத் தின்ற அமினோபாக்டர் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவ, அந்த மருந்து போட்ட மண்ணுலேர்ந்தே விஞ்ஞானிகள் பிடிச்சாங்க. வளத்து, குடிநீர் நிலையத்து மணல் வடிகட்டியில கொண்டு போய் விட்டாங்க. வேலை செஞ்சது! சட்ட அளவுக்குக் கீழ வந்தது. ஆனா கொஞ்ச காலம்தான். வடிகட்டியக் கழுவும்போது போனது பாதி, ஒரு செல் பூச்சி தின்னது பாதி, பட்டினி கிடந்து சோர்ந்தது மீதி. இதை நான் மறைக்கல. நுண்ணுயிர் மந்திரவாதி இல்ல. பாதி தின்னுட்டு மீதிய விட்டா அந்த மீதியும் நமக்குத் தலைவலி, பாம் விஷயத்துல நடந்த மாதிரி. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த நாடு 0.1 மைக்ரோகிராமுக்காக ஒரு பாக்டீரியாவத் தேடிப் போச்சு. நாம பரிசோதனைத் தாள்ல ஒரு வரி சேக்கல.

*

அடுத்த கோஷ்டிக்கு வர்றேன். "நம்ம முன்னோர்கள் ஏரித் தண்ணிய அப்படியே குடிச்சாங்க, ஒண்ணும் ஆவல, எல்லாம் கார்ப்பரேட் சதி"ன்னு எழுதற தோழர்கள். அன்போட சொல்றேன், ஏரித் தண்ணிய அப்படியே குடிச்ச முன்னோர் நிறைய பேரு வாந்திபேதியில போய்ட்டாங்க. பதிவு எழுத அவங்க உயிரோட இல்ல. புத்திசாலி முன்னோர் வேற மாதிரி குடிச்சாங்க. ஆத்துத் தண்ணியில குடத்தை அமுக்க மாட்டாங்க. ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, அது தெளியற வரைக்கும் இறைச்சுட்டு, அப்புறம் மொண்டுக்குவாங்க. எங்க பாட்டி அப்படித்தான் மொண்டாங்க. அந்த ஊத்து ஒரு மணல் வடிகட்டி. அதையே பெரிசாக் கட்டினதுதான் கொள்ளிடத்துலயும் பாலாத்துலயும் மணலுக்குள்ள இறக்கின குடிநீர்க் கிணறுகள். ஹரித்துவார்ல கங்கைக் கரைக் கிணறுகளும் அதே வேலைதான். பெர்லின் நகரம் ஏரிக்கரைக் கிணத்துலேர்ந்துதான் குடிக்குது. மாசக்கணக்குல மண்ணுக்குள்ள நடந்து வர்ற தண்ணிய வழியெல்லாம் பாக்டீரியா மேயுது. அங்கயும் முழுசா போறதில்ல. 1990களின் தொடக்கத்துல கொழுப்பைக் குறைக்கிற மாத்திரையோட மிச்சமான குளோஃபிப்ரிக் அமிலம் பெர்லின் குழாய்த் தண்ணியிலயே அகப்பட்டுச்சு. கார்பமாசெபின் லேசுல மசியாது. வாணலியில ஒட்டாம இருக்கப் பூசறாங்களே, அந்த ஃபுளோரின் ரசாயனக் குடும்பத்துக்கு பாக்டீரியா கும்பிடு போட்டுட்டு ஒதுங்கிடும். ஆனா கஃபீன், இபுப்ரோஃபென், தண்ணியில மண்வாடை குடுக்கிற ஜியோஸ்மின், பல பூச்சிமருந்துகள்னு பெரிய கூட்டத்தை அது பாத்துக்கும்.

சரி, ஆத்துல மணல் எங்க இருக்குன்னு கேக்கறீங்களா? கேளுங்க. அந்தக் கேள்விய நான் பதிவுல எழுதினா அரசியல், நீங்க கேட்டா சுற்றுச்சூழல் :-) லாரியில ஏறிப் போன ஒவ்வொரு லோடு பெண்ணையாத்து மணலும் கோடிக்கணக்கான சம்பளமில்லாத தொழிலாளிங்களோட குடியிருப்பு. அவங்களைக் காலி பண்ணி வித்துட்டு, அந்த வேலைக்கு இப்ப மெஷின் வாங்கச் சொல்றோம்.

*

எனக்கு வேண்டியதை நேரடியா சொல்லிடறேன்.

ஒண்ணு: எங்க ஊர் கடலோரம். நிலத்தடியில உப்பு ஏறற பட்டை இது. உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. அதனால உப்பு மிஞ்சின போருக்கு ஆர்.ஓ. வையுங்க, வேணாம்னு சொல்லல. உப்பில்லாத இடத்துலயும் அதையே நிறுத்திட்டு 'சுத்தமான குடிநீர் குடுத்துட்டோம்'னு ரிப்பன் வெட்டாதீங்க. வச்ச இடத்துல கழிவுத் தண்ணிய வாய்க்கால்ல விடாம அதுக்கு ஒரு வழி பண்ணுங்க.

ரெண்டு: மணல் வடிகட்டிக்கு இடமில்லைன்னு சொல்லாதீங்க. கணக்குப் போட்டேன். 2,000 பேருக்கு ஆளுக்கு 55 லிட்டர்னா ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர். மணிக்கு 10 சென்டிமீட்டர் இறங்கினா 46 சதுர மீட்டர் போதும். ஒண்ணு சுத்தம் பண்ணும்போது இன்னொண்ணு ஓட ரெண்டாக் கட்டினாலும் ஆயிரம் சதுர அடி. ஒரு சின்ன மனை. போர்த்தண்ணின்னா முதல்ல காத்துப்பட விழவைக்கணும், கலங்கல் தண்ணின்னா முதல்ல தெளிய வைக்கணும், அவ்வளவுதான். அடைச்சுக்கிட்டா மேல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் மணலைச் சுரண்டி எடுக்கணும். நாக்பூர் நீரி நிறுவனம் 1970கள்லயே நம்ம கிராமங்களுக்காக இதை ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்கு. ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. கமிஷன் வர்ற மாதிரி இதுல மெஷின் இல்லைங்கிறதுதான் ஒரே குறை.

மூணு: வருஷத்துக்கு ரெண்டு தடவை, நடவு முடிஞ்சு மருந்தடிச்ச பிறகு ஒண்ணு, கோடையில ஒண்ணு, பூச்சிமருந்துக்கும் மருந்து மிச்சத்துக்கும் பரிசோதனை பண்ணி, தமிழ்ல எழுதி, கொம்யூன் ஆபீஸ் வாசல்ல ஒட்டுங்க. பக்கத்துல பாட்டில் தண்ணியோட 0.1ஐயும் எழுதுங்க. நாங்க ஒப்பிட்டுக்கறோம்.

யாரைக் கேக்கறதுங்கிறது இன்னொரு கொடுமை. 2021லயே புதுச்சேரியில எல்லா கிராம வீட்டுக்கும் குழாய் குடுத்தாச்சுன்னு அறிவிச்சாங்க. நல்லது. ஆனா உள்ளாட்சித் தேர்தல்? 2006ல நடந்தது, அதுவும் முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு. 2011ல அவங்க காலம் முடிஞ்சப்புறம் வருஷக்கணக்குல அதிகாரிங்க கையிலதான் கொம்யூன் ஓடுச்சு. குழாய் வீட்டுக்கு வந்துச்சு, குழாயில என்ன வருதுன்னு கேக்க ஒரு வார்டு மெம்பர் வரல.

அம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லல. போன வாரம் போன்ல பேசினப்ப கூட கேட்டாங்க. "அந்தத் தாளு வந்துச்சே, இன்னாடா சொல்லுது?" "உப்பு பரவாயில்லம்மா, கிருமி இல்லம்மா"ன்னேன். "மருந்து?" "அத அவங்க பாக்கலம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "பாக்காதவன் தண்ணிக்கு, பொய்யா பாத்த அந்தப் பையனே தேவலாம்டா. அவனாவது வீட்டுக்கு வந்தான்."

டிஸ்கி: உங்க ஊர்த் தண்ணிப் பரிசோதனைத் தாள் இருந்தா, அதுல பூச்சிமருந்து வரிசை இருக்கா இல்லையான்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஊர் பேரு போதும். ஒரு பட்டியல் போட்டு அடுத்த பதிவுல ஒட்டறேன். 'நல்ல பதிவு'ன்னு மட்டும் போட்டுட்டு ஓடறவங்களுக்கு அந்தத் தம்பி நம்பரைக் குடுத்துடுவேன் :-)